ஆந்தையாருக்குப் பகல் வேலை

என் கணவருக்குப் பகல் வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒன்பது வருடம் இரவு ஷிப்டிலேயே கிடந்த மனிதர், எல்லாரையும்போலக் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினார். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டு, "இனிமே உனக்கு என்னம்மா, ராஜயோகம்தான்" என்றார்கள். ராஜயோகம் வந்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் முகம், கேஸை மூடினோமா இல்லையா என்று பஸ் ஏறிய பிறகு யோசிப்பவளின் முகமாக இருந்தது.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் குடும்பம் நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

அவருக்குக் குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் வேலை. ஊர் தூங்கும்போது மூன்று பெரிய மோட்டார்களை ஓட்டித் தொட்டிகளை நிரப்பி வைப்பார். காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவுகிற ஒருவரும் அவரை நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, பகலில் மட்டும். காலை ஆறேகாலுக்கு நான் வீட்டைப் பூட்டுவேன், ஏழு மணிக்கு அவர் திறப்பார். மாலை ஐந்தரைக்கு அவர் பூட்டுவார், ஆறு மணிக்கு நான் திறப்பேன். "உங்க ரெண்டு பேரவிட அந்தப் பூட்டும் சாவியும்தான்டி அந்நியோன்யமா இருக்கு" என்று என் அக்கா சொல்வாள். பிள்ளைகள் இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் என் அம்மா, "ஷிப்டு ஒத்து வரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். நாங்களும் அதை மறுத்துப் பேசியதில்லை.

வார விடுப்பு அவருக்குப் புதன், எனக்கு ஞாயிறு. புதன் இரவு வீட்டில் இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. என் தூக்கம் கெடக் கூடாது என்று கூடத்தில் பாயை விரித்து, சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிவரை தூங்குவார். எழுந்து கிளம்புவதற்குள் கிடைக்கிற இரண்டரை மணி நேரத்தில் கறிகாய், சிலிண்டர், ஒழுகுகிற வாஷ்பேசின் என்று பேசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஆகவே நாங்கள் குடும்பம் நடத்தியது ஒரு நோட்டுப் புத்தகத்தில். கல்யாணமாகி நாலாவது மாதம் அவரை இரவுக்கு மாற்றினார்கள். முதல் வாரம், "பால் திரிஞ்சு போச்சு, காபி கிடையாது" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் அதன் கீழே, "காலங்காத்தால அதுகிட்ட என்ன பேசின?" என்று பதில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து மொத்தமாக நாற்பது வார்த்தை வந்திருந்தால் அதிகம். அவரா எழுதினார் என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுநாளே கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, பேனாவை நூலில் கட்டி அதோடு தொங்கவிட்டேன்.

அப்படிப் பதினேழு நோட்டு நிறைந்தது. அதில் நான் டாக்டரம்மா. எக்ஸ்ரே எடுக்கிறேன் என்கிற ஒரே தகுதிக்காக. அவர் ஆந்தையார். "டாக்டரம்மா, வெங்காயம் ரெண்டுதான் இருக்கு. அழணும்னா வேற காரணம் தேடிக்கோ." "ரெண்டாம் நம்பர் மோட்டார் இன்னிக்கு அப்படியே உன்ன மாதிரி. தொட்டா சுடுது, தொடலன்னா கத்துது." ஒரு தடவை பெரிய சண்டை. எதற்கென்று இப்போது ஞாபகமில்லை, ஆனால் நியாயம் என் பக்கம்தான். நாலு பக்கம் எழுதித் தீர்த்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் அடுத்த பக்கம் முழுக்க எழுத்தே இல்லாமல் வெறும் கோடு. அடியில் மட்டும், "இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று ஒரு வரி. அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது?

ஏழாவது நோட்டில் ஒரு மழைநாள் காலை எழுதியிருந்தார்: "நீ எழுந்து போன சூடு தலகாணியில இருக்கும்போதே வந்துடணும்னு சைக்கிள மிதிச்சேன். இன்னிக்கும் ஆறிப் போச்சு." அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

பகல் வேலை வந்த அன்றே நோட்டு நின்றுபோனது. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் விழித்திருக்கிற இரண்டு பேர் எதற்கு எழுத வேண்டும்? பேசலாமே. அங்கேதான் சிக்கல். "சாப்பாடு எப்படி இருக்கு?" "ம்." "உப்பு?" "சரியா இருக்கு." பாத்திரம் தேய்க்கிறார், துணி மடிக்கிறார், நான் கால் நீட்டினால் கேட்காமலே தைலத்தை எடுத்து வருகிறார். குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் பேச்சு மட்டும் இல்லை. இரண்டாவது வாரம் மனசு கேட்காமல் நோட்டை எடுத்து, "இன்னிக்கு மழை வரும் போல இருக்கே ஆந்தையாரே" என்று எழுதிவைத்தேன். படித்தார். சமையலறைக்கு வந்து என் முகத்தைப் பார்த்து, "ஆமா" என்றார்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் வீட்டிலேயே இருக்கிறார், எனக்குப் புருஷன் ஏக்கமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? ஆனால் அதுதான் உண்மை. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த அந்த வாயாடி எங்கேயோ போய்விட்டான். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு நல்ல மனிதர் என்னோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு பிரெஞ்சு ஓட்டலுக்குப் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது அது. வாசலில் பித்தளைக் கைப்பிடி, கண்ணாடியில் பாதி உயரத்துக்கு வெள்ளைத் திரை. திரைக்கு மேலே சாப்பிடுகிறவர்களின் தலைகள் மட்டும் தெரியும். ஓவர்டைம் பார்த்துவிட்டு வரும் நாட்களில், ஏழு மணிக்கு டீ குடிக்கப் போகும்போது பார்த்த அதே தலைகள் அப்படியே இருக்கும், பேசிக்கொண்டே. இதை நோட்டில் எழுதியிருந்தேன். "நாம போனா பத்து நிமிஷத்துல முடிச்சிட்டுக் கை கழுவ எடம் தேடுவோம். இருந்தாலும் எனக்குப் பகல் வேலை கிடைக்கிற அன்னிக்கு அங்கதான்" என்று பதில் எழுதியிருந்தார். அவ்வளவு நேரம் எதிரெதிரே உட்காரவைத்தால் கல்லும் கரையும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஆறரை மணிக்கு, கதவு திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம். நான் ஜரிகை வைத்த பச்சைப் புடவை. அவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, பட்டன் போட முடியாத கோட்டு. உள்ளே சிவப்புத் தோல் தைத்த நீள இருக்கைகள், சுவரெல்லாம் மங்கலான கண்ணாடிகள். கணுக்கால்வரை வெள்ளை ஏப்ரன் கட்டிய வெயிட்டர் மேசைவிரிப்பின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஓரங்களைக் கிளிப்பால் பிடித்தார். ஆர்டரை அந்தக் காகிதத்தின் மூலையிலேயே எழுதுவார்களாம். அவர்கள் பழக்கம் அப்படி.

"இன்னிக்கு ஏதாவது விசேஷமா மேடம்?" என்றார்.

"இவருக்குப் பகல் ஷிப்டு கிடைச்சிருக்கு."

வெயிட்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "வாழ்த்துகள் சார்" என்று அவர் கையைக் குலுக்கினார்.

மெனுவில் இருந்த பெயர்கள் எல்லாம் மூக்கடைப்பு இருந்தால்தான் சொல்ல முடியும்போல இருந்தன. வெயிட்டர் ஒவ்வொன்றாக விளக்கினார். "நத்தை நல்லா இருக்கும் சார், பூண்டும் வெண்ணெயும் போட்டு." நான் என் கணவரைப் பார்த்தேன். நோட்டாக இருந்தால், 'நத்தையச் சாப்பிட்டாலாவது நமக்கு நிதானம் வருமான்னு பாப்போம் டாக்டரம்மா' என்று எழுதியிருப்பார். எனக்குக் கையெழுத்தோடு தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"வேணாம்" என்றார்.

வெங்காய சூப்பும் வாத்துக் கறியும் சொன்னோம். "எல்லாத்தையும் ஒண்ணாவே கொண்டு வந்துடுங்க" என்றார் இவர், ஓட்டல் என்றால் அப்படித்தானே.

"இங்க ஒண்ணொண்ணாத்தான் சார் வரும். நடுவுல கொஞ்சம் நேரம் விடுவோம்."

"பரவால்ல, நாங்க சீக்கிரம் முடிச்சிடுவோம்."

"அதான் சார் கவலையா இருக்கு" என்று வெயிட்டர் சிரித்துவிட்டுப் போனார். பார்த்த மாத்திரத்தில் எங்களை எடை போட்டுவிட்டார்.

சூப் வந்தது. மேலே ரொட்டியும் சீஸும் உருகி மூடி போட்டதுபோல இருந்தது. ஒன்பது வருடமாக அவரவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள். எனக்குக் காலையில் பஸ், அவருக்கு மாலையில் சைக்கிள். நாக்கு வெந்தாலும் கை நிற்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது இரண்டு கிண்ணமும் காலி. கூடை ரொட்டியும் காலி. அறையில் இன்னொரு மேசைக்குத்தான் ஆள் வந்திருந்தார்கள், அவர்கள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மேசையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு உப்புக் குப்பி, ஒரு மெழுகுவத்தி. நான் இதற்காகத்தானே வந்தேன்? ஆரம்பித்தேன். எக்ஸ்ரே எடுக்க வந்து, வளையலைக் கழற்ற மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்த அம்மாவின் கதையைச் சொன்னேன். கையெல்லாம் ஆட்டி, குரல் மாற்றி, நடித்தே காட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ம்" என்றார்.

"நீங்க ஏதாவது சொல்லுங்க."

அவர் யோசித்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது. சமையலறைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு, "அந்த எக்ஸாஸ்ட் ஃபேன்ல பெல்ட் லூசா இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், அது என் பிறவிக் கோளாறு. "பெல்ட்டா? பெல்ட்டப் பத்திப் பேசத்தான் பச்சப் புடவையக் கட்டிக்கிட்டு வந்தேனா?" என்றேன். "ஏங்க, அந்த நோட்டுல எழுதினது யாருங்க? அந்த ஆள எங்க கொண்டு போய் வெச்சிருக்கீங்க? வாய்ல வரலயா, சரி, எழுதுங்க. இந்தாங்க." வெயிட்டர் மறந்து வைத்துவிட்டுப் போன பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தேன். காகிதம்தான் மேசை பூராவும் விரிந்து கிடக்கிறதே.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். மூலையில் தேதியைப் போட்டார். பக்கத்தில் நேரத்தைப் போட்டார், ஏழு பத்து. பம்ப் ஹவுஸ் பதிவேட்டில் மணிக்கொரு தடவை போட்டுப் பழகின கை. அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"நீ பாத்துக்கிட்டிருந்தா வரமாட்டேங்குது" என்றார். பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். "வீடு பூட்டியிருக்கும். நான் வந்து திறப்பேன். உன் சோப்பு வாசனை மட்டும் இருக்கும். அப்போ எனக்குப் பேச்சு பேச்சா வரும். நீ இல்லாதப்பதான் உன்கூடப் பேசிப் பழக்கம்."

வாத்துக் கறி வந்தது. வெயிட்டர் எங்கள் முகத்தைப் பார்த்தார், தட்டை வைத்தார், ஒன்றும் விளக்காமல் போய்விட்டார். நாங்கள் இருவரும் முதல் தடவையாகச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவர் கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "வீட்லயே காட்டணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பிரித்துப் பார்த்தேன். உதவிப் பொறியாளருக்கு எழுதின கடிதம். பொருள்: மீண்டும் இரவுப் பணி வழங்கக் கோருதல். ஐயா, சொந்தக் காரணங்களை முன்னிட்டு, எனக்கு அண்மையில் வழங்கப்பட்ட பகல் பணியை ரத்து செய்து, பழையபடி நிரந்தர இரவுப் பணி வழங்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"திங்கக்கிழமை குடுத்தா உடனே மாத்திடுவாங்க" என்றார். "பகலுக்குப் பதினாலு பேர் வரிசைல நிக்கறாங்க. ஆனா ஒரு தடவ விட்டுட்டா அப்புறம் கிடைக்காது."

உள்ளதைச் சொல்கிறேன். படித்த அந்த நொடியில் என் மனசு குதித்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு நோட்டு வரும். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் மேல் அவர் இருப்பார், கேலியும் கிண்டலுமாக, தலையணைச் சூடு ஆறிப் போன வருத்தத்தோடு. எனக்கு அந்த மனிதர் அவ்வளவு வேண்டியிருந்தது. கட்டின கணவன் எதிரே பட்டன் போடாத கோட்டோடு உட்கார்ந்திருக்க, அவரை இரவு வேலைக்கு அனுப்பிவிட்டு அவர் கையெழுத்தோடு வாழ ஆசைப்படுகிறாளே இவள் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

"ஏன்?" என்றேன். "வேல கஷ்டமா இருக்கா?"

"இல்ல."

"பின்ன?"

அவர் முள்கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "காலைல நீ எழுந்து வருவ. நான் அடுப்புகிட்ட நின்னு காபி கலந்துக்கிட்டிருப்பேன். நீ என்னத் தாண்டி ஃப்ரிட்ஜ் மேல பாப்ப. தினமும் பாக்கற. நான் இங்க நிக்கறேன், நீ அங்க பாக்கற." பிறகு, "நீ தேடற ஆள் ராத்திரி ஷிப்டுலதான் இருக்கான்னா, நான் போயிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

என்னிடம் அவர் வாயால் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அதுவும் போகிறேன் என்று சொல்வதற்கு. நான் கறியை வெட்டுவதுபோலப் பாவனை செய்தேன். கத்தி தட்டில் கிறீச்சிட்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்களுக்கும் தூக்கம் சரியில்ல. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு" என்றேன்.

"ராத்திரி தூக்கம் வரல. உடம்புக்கு இன்னும் தெரியல."

"மூணு வாரமாவா? அப்போ ராத்திரி முழுக்க என்ன பண்றீங்க? டிவி சத்தம்கூடக் கேக்கலயே."

"கூடத்துக்குப் போகல. உன் பக்கத்துலதான் இருக்கேன்." பிறகு, ஏதோ தப்புச் செய்தவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "நீ தூக்கத்துல பல்லக் கடிக்கிற."

நான் முள்கரண்டியை வைத்துவிட்டேன்.

"முத நாள் ராத்திரி சத்தம் கேட்டுச்சு. கரகரன்னு, பேரிங் தேயற மாதிரி. ஃப்ரிட்ஜ்தான்னு நெனச்சேன். போய் ஸ்க்ரூ டிரைவர அதுல வெச்சு, பிடியக் காதுல வெச்சுக் கேட்டேன். மோட்டாருக்கு அப்படித்தான் கேப்போம். அது இல்ல. ஃபேன நிறுத்திப் பாத்தேன், அதுவும் இல்ல. அப்புறம் பாத்தா, நீ." அவர் கண்ணில் பயம் தெரிந்தது, இப்போது நினைத்தாலும் பயம். "அவ்வளவு சத்தம். பல்லு ஒடஞ்சு போயிடுமோன்னு இருந்துச்சு."

போன வருடம் எனக்குத் தாடை வலி. காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியாது, காதுவரை வலிக்கும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பல் டாக்டரிடம் போனேன். என்னோடு வேலை பார்ப்பவள்தான் எனக்கு எக்ஸ்ரே எடுத்தாள். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா? வீட்ல யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து, பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதை நோட்டில் எழுதவில்லை. இரவு வேலை பார்க்கிற மனிதரை இதைச் சொல்லி எதற்கு வதைப்பது? ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

இப்போது அந்த மேசையில் கையைத் தூக்கித் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. எப்போதிலிருந்து இல்லை? மூன்று வாரமாகக் காலையில் ஃப்ரிட்ஜ் மேல் எதைத் தேடலாம் என்றுதான் எழுந்தேனே தவிர, வாய் வலிக்காமல் திறக்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை.

"தினமும் கடிக்கறேனா?"

"ரெண்டு மணிக்கு மேல ஆரம்பிக்குது. நாலு வரைக்கும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கைய வெச்சேன்."

"எங்க?"

அவர் தன் தாடையில், காதுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "மெதுவா வெச்சா நின்னுடுது. எடுத்தா மறுபடி ஆரம்பிச்சிடுது. அதான் எடுக்கறதில்ல."

"ரெண்டு மணி நேரமா?"

"அது பழக்கந்தான்" என்றார். "மோட்டார்ல கைய வெச்சுக்கிட்டே நிக்கறவன்தானே."

பதினேழு நோட்டில் எழுதின அத்தனை வார்த்தையையும் ஒரு தராசுத் தட்டில் வைத்து, இந்தக் கையை மறு தட்டில் வைத்தால் எது தாழும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எனக்கு இரண்டும் வேண்டும், நான் பேராசைக்காரி. ஆனால் ஒன்று தாங்கவில்லை. அந்தக் கை மூன்று வாரமாக, இரவுக்கு இரண்டு மணி நேரம், என் கன்னத்தில் இருந்திருக்கிறது. நான் ஒரு தடவைகூட அதை அறியவில்லை. விழித்திருந்தால் பல்லைக் கடிக்க மாட்டேன், கடிக்காவிட்டால் கை வராது. பக்கத்திலேயே நடந்ததை நினைத்து இப்படி ஏங்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எப்படி வெப்பீங்க, காட்டுங்க" என்றேன்.

"இங்கயா?"

"இங்கதான். இப்போ."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அறை நிறைந்துவிட்டிருந்தது. ஓட்டல்காரர்கள் சீஸ் அடுக்கின தள்ளுவண்டியை எங்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வெயிட்டர் எங்களைப் பார்த்ததும் வண்டியை அப்படியே அடுத்த மேசைக்குத் திருப்பினார். என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேசையின் குறுக்கே கையை நீட்டினார். கோட்டுக் கை உப்புக் குப்பியைத் தட்டிவிட்டது, குழம்பில் தோய்ந்தது. அவர் கவனிக்கவில்லை. கரடுமுரடான பெரிய கை, வெண்ணெய் வாசனையும் கொஞ்சம் கிரீஸ் வாசனையும் அடித்தது. கன்னத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றுவிட்டது.

"பல்லக் கடி" என்றார். "அப்பத்தான் எடம் தெரியும்."

கடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். காதுக்குக் கீழே எலும்பு முடிகிற இடத்தில் அவர் விரல் நுனி வந்து தொட்டது, பிறகு உள்ளங்கை முழுவதும் படிந்தது. அழுத்தவில்லை. எவ்வளவு கனம் தேவையோ அவ்வளவு கனம்தான், ஒரு துளி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. இருட்டில் பல நாள் பழகிய கைக்குத்தான் அந்த அளவு தெரியும். என் பற்கள் தாமாகவே விட்டுக்கொடுத்தன.

"லெட்டர?" என்று அவர் குரல் கேட்டது. "திங்கக்கிழமை குடுக்கட்டுமா?"

சொல்வதற்கு என்னிடம் ஆயிரம் இருந்தது. மூன்று வாரமாகப் பேசுங்கள், பேசுங்கள் என்று அவர் உயிரை வாங்கினவள் நான். ஆனால் வாயைத் திறந்தால் கை நகர்ந்துவிடும். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன், அதுவும் அவர் உள்ளங்கைக்குள்ளேயே.